தண்ணீரின் ஆழம் கண்ணுக்குத் தெரியுமா?



இன்றைய பேச்சைக் கேட்பதற்கு முன்னால் ஒரு மங்கு, ஒரு 20 காசு, ஒரு செம்புத் தண்ணீர், இந்த மூன்றையும் பக்கத்தில் எடுத்து வைத்துக்கொள்ள முடியுமா? பால்மரத்தில் கட்டுகிற பழைய மங்கு ஒன்று மூலையில் கிடந்தால் அதுவே போதும். நன்றாகக் கழுவிக்கொள்ளுங்கள். உள்ளே இருப்பது வெளியே தெரியாத பாத்திரமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

மங்கை மேசையில் வைத்து, அதன் அடியில் காசைப் போடுங்கள். ஒருவர் மட்டும் காசைப் பார்த்துக்கொண்டே மெல்லப் பின்னால் நகரட்டும். ஓரிடத்தில் மங்கின் விளிம்பு காசை மறைத்துவிடும். அங்கேயே நில்லுங்கள். தலையை ஆட்டக்கூடாது. இப்போது தங்கையோ தம்பியோ செம்புத் தண்ணீரை மங்கில் மெதுவாக ஊற்றட்டும். காசு இடம் பெயராதபடி ஊற்ற வேண்டும்.

என்ன தெரிகிறது? மறைந்திருந்த காசு விளிம்புக்கு மேலே எழுந்து வந்துவிட்டதல்லவா? காசும் நகரவில்லை, நீங்களும் நகரவில்லை. நடுவில் வந்தது தண்ணீர் ஒன்றுதான்.

வேடிக்கையாக இருக்கிறது. ஆனால் இந்த வேடிக்கைதான் ஒரு நாள் என்னைக் கொன்றிருக்கும்.

எனக்கு அப்போது 11 வயது. எங்கள் தோட்டத்து எல்லைக்கு அப்பால் பழைய ஈயக்குட்டை ஒன்று இருந்தது. பள்ளி விடுமுறையில் பையன்கள் அங்கே தூண்டில் போடுவோம். குட்டைத் தண்ணீர் கண்ணாடி போல இருக்கும். கரையோரத்து வெள்ளை மணலும், அதில் கிடக்கிற கூழாங்கல்லும் பளிச்சென்று தெரியும். ஒரு நாள் என் தூண்டில் முள் ஒரு வேரில் மாட்டிக்கொண்டது. வேர் தெரிந்தது, அதன் அடியில் மணல் தெரிந்தது. இடுப்பளவுத் தண்ணீர்தானே என்று கரையிலிருந்து காலை எடுத்து வைத்தேன். கால் தரையைத் தொடவே இல்லை. தலை உள்ளே போய்விட்டது. பக்கத்தில் காய்கறித் தோட்டம் போட்டிருந்த சீனப் பெரியவர் ஒருவர், செடிகளுக்குத் தண்ணீர் இறைக்கிற நீளக்காம்பு அகப்பையை நீட்டி என்னை இழுத்துப் போட்டார். ‘டாலாம், டாலாம்’ என்று அவர் திட்டியது இன்னும் காதில் ஒலிக்கிறது. ஆழம், ஆழம் என்றார். எனக்கோ கோபம். ஆழமில்லை என்று என் கண்ணால் பார்த்தேனே!

கண் ஏன் பொய் சொல்லியது என்பதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம். அந்தப் பொய்யைத் திருத்தி, கண் சொன்ன கணக்கிலிருந்தே உண்மையான ஆழத்தைக் கண்டுபிடிக்கும் வழியையும் பார்ப்போம்.

ஒரு பொருளிலிருந்து புறப்படுகிற ஒளிக்கதிர் நம் கண்ணில் வந்து விழும்போதுதான் அந்தப் பொருள் நமக்குத் தெரிகிறது. கதிர் எந்தத் திசையிலிருந்து கண்ணுக்குள் நுழைகிறதோ அந்தத் திசையில்தான் பொருள் இருப்பதாக நாம் நினைக்கிறோம். வழியில் கதிர் எங்கேயாவது முறிந்து திரும்பியிருந்தால் அது கண்ணுக்குத் தெரியாது. கண்ணுக்கு எல்லாம் நேர்கோடுதான்.

தண்ணீருக்குள்ளிருந்து காற்றுக்கு வரும் கதிர் நேராக வருவதில்லை. நீர்மட்டத்தைத் தாண்டும்போது சாய்கிறது. ஏன் சாய்கிறது? இரண்டு சக்கரத் தள்ளுவண்டி ஒன்றைச் சேற்றிலிருந்து தார்ச்சாலைக்குக் குறுக்காகத் தள்ளிக்கொண்டு வருவதை நினைத்துப் பாருங்கள். நேரே வராமல் கோணலாக வந்தால் ஒரு சக்கரம் முதலில் தாரில் ஏறும். மற்றது இன்னும் சேற்றில்தான் இருக்கும். தாரில் ஏறிய சக்கரம் வேகமாக ஓடும், சேற்றிலுள்ளது மெதுவாக வரும். வண்டி தானாகவே ஒரு பக்கம் திரும்பிவிடும். அதைத் தள்ளியவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, கைப்பிடியே திருகிக்கொள்ளும்.

ஒளிக்குத் தண்ணீர் சேறு மாதிரி. காற்றில் ஒளி வினாடிக்கு ஏறக்குறைய 3 லட்சம் கிலோமீட்டர் போகிறது. தண்ணீரில் ஏறக்குறைய 2,25,000 கிலோமீட்டர்தான். அதனால் வெளியே வரும்போது அதன் வழி திரும்பி, நீர்மட்டத்தை ஒட்டிப் படுத்துக்கொள்கிறது. இதற்கு ஒளிவிலகல் என்று பெயர். 3 லட்சத்தை 2,25,000-ஆல் வகுத்துப் பாருங்கள். மூன்றில் நான்கு வரும், அதாவது ஒன்றே மூன்றில் ஒன்று. தண்ணீரின் ஒளிவிலகல் எண் என்று பள்ளிப் புத்தகத்தில் 1.33 என்று போட்டிருப்பது இதுதான். நாலு, மூன்று என்ற இந்த இரண்டு எண்களை நினைவில் வைத்துக்கொண்டால் போதும். மற்ற எல்லாம் அதிலிருந்து வரும்.

மங்குக்குள் காசு போட்டுப் பார்க்கும் சோதனை இன்று நேற்று வந்ததல்ல. யூக்ளிட் பெயரில் வழங்கும் பழைய கிரேக்க நூலிலேயே அது இருக்கிறது. கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் எகிப்தின் அலெக்ஸாந்திரியா நகரில் வாழ்ந்த டாலமி, கதிர் எவ்வளவு சாய்கிறது என்று கோணம் கோணமாக அளந்து எழுதி வைத்தார். 984-இல் பாக்தாதில் இப்னு சால் என்ற கணித அறிஞர் சரியான விதியை எட்டினார். 1621-இல் ஹாலந்து நாட்டு ஸ்னெல் அதே விதியைத் தாமாகக் கண்டார். இந்த ஸ்னெல் நிலத்தை அளப்பதிலும் கெட்டிக்காரர். 1617-இல் முக்கோணங்களை அடுக்கி அளந்து பூமியின் சுற்றளவைக் கணக்கிட்டவர். ஒளியின் வழியையும் அவர் முக்கோணமாகவே பார்த்தார். நாமும் அப்படித்தான் பார்க்கப் போகிறோம்.

முதலில் எளியது. ஒரு வாளித் தண்ணீரை நேர்மேலே நின்று குனிந்து பாருங்கள். இப்படி நேராகப் பார்க்கும்போது தண்ணீரின் ஆழம் நாலில் மூன்று பங்காகத் தெரியும். 12 அங்குலம் தண்ணீர் 9 அங்குலமாகத் தெரியும். 8 அடிக் கிணற்றுத் தண்ணீர் 6 அடியாகத் தெரியும். ஆகவே கண்ணுக்குத் தெரிகிற ஆழத்தை மூன்றால் வகுத்து நான்கால் பெருக்கினால் உண்மை ஆழம் கிடைத்துவிடும்.

ஆனால் யார் ஐயா குட்டையை நேர்மேலே நின்று பார்க்கிறார்கள்? கரையில் நின்று சாய்வாகத்தானே பார்க்கிறோம்! அங்கேதான் ஆபத்து. பார்வை சாயச் சாய, ஆழம் மேலும் மேலும் குறைந்து தெரியும். நேராகப் பார்த்தால் 6 அடியாகத் தெரிகிற அதே 8 அடித் தண்ணீர், 45 பாகைச் சாய்வில் பார்த்தால் சுமார் 5 அடியாகத் தெரியும். பார்வைக் கோடு நீர்மட்டத்திலிருந்து 30 பாகை மட்டுமே உயர்ந்திருந்தால் 4 அடிக்கும் குறைவாகத் தெரியும். பாதிகூட இல்லை! பெரியவர்கள் உயரமானவர்கள், சற்று மேலிருந்து பார்க்கிறார்கள். பிள்ளைகள் குள்ளம், அவர்கள் பார்வை படுத்துக்கொண்டு போகிறது. ஒரே கரையில் ஒரே இடத்தைப் பார்த்தாலும், அப்பாவைவிடப் பிள்ளைக்குத் தண்ணீர் ஆழம் குறைந்ததாகத் தெரிகிறது. நீந்தத் தெரியாதவனுக்குத்தான் குட்டை மேடாகத் தெரிகிறது என்றால் எவ்வளவு கொடுமை!

இந்தச் சாய்வுப் பார்வைக்கும் கணக்கு உண்டா? உண்டு. அதற்கு ஆசாரியும் கொத்தனாரும் வைத்திருக்கிற ஒரு பழைய வித்தை உதவுகிறது. வீட்டுக்கு மூலை பார்க்கும்போது ஒரு பக்கம் 3 அடி, மறுபக்கம் 4 அடி அளந்து, குறுக்கே 5 அடி வருகிறதா என்று பார்ப்பார்கள். வந்தால் மூலை சரி. இந்த மூன்று, நான்கு, ஐந்து முக்கோணத்துக்கும் தண்ணீரின் நாலு மூன்று கணக்குக்கும் அழகான பொருத்தம் இருக்கிறது.

கவனமாகக் கேளுங்கள். உங்கள் கண் நீர்மட்டத்துக்கு மேலே 3 அடி உயரத்தில் இருக்கிறது. கண்ணுக்கு நேர் கீழேயிருந்து 4 அடி தள்ளி, தண்ணீரின் மேல் ஓர் இலை மிதக்கிறது. கண்ணிலிருந்து இலைக்குக் குறுக்கே 5 அடி. இந்தப் பார்வைக் கோடு 5 அடி நீளத்தில் 4 அடி அகலம் கடக்கிறது. தண்ணீருக்குள் போனதும் அது 5 அடி நீளத்தில் 3 அடி அகலம் மட்டுமே கடக்கும். நாலுக்கு மூன்று, அதே பங்கு. அகலம் 3 என்றால் கீழ்நோக்கி எவ்வளவு? மூலைமட்டக் கணக்குப்படி 4. ஆக, காற்றில் 4 அடி அகலத்துக்கு 3 அடி இறங்கிய கோடு, தண்ணீருக்குள் 3 அடி அகலத்துக்கு 4 அடி இறங்குகிறது. அதே முக்கோணம், படுத்திருந்தது எழுந்து நின்றுகொண்டது!

இப்போது அந்த இலைக்கு 3 அடி அப்பால், தண்ணீரில் ஒரு கம்பம் செங்குத்தாக நிற்பதாக வைத்துக்கொள்வோம். இலையை ஒட்டிப் பார்த்தால் கம்பத்தின் அடி சரியாகத் தெரிகிறது. அப்படியானால் அங்கே ஆழம் 4 அடி. கோடு முறியாமல் நேராகவே போயிருந்தால் எவ்வளவு இருக்கும்? 2 அடி 3 அங்குலம். நம் கண் நம்புவது அந்த 2 அடி 3 அங்குலத்தைத்தான். இரண்டுக்கும் நடுவிலுள்ள 1 அடி 9 அங்குலத்தில் ஒரு பிள்ளையின் மூக்கும் வாயும் முழுகிப்போகும்.

இதைக் குட்டையில் செய்து பார்க்கச் சொல்லவில்லை. வீட்டுச் சிமெண்டுத் தொட்டியில் செய்து பார்க்கலாம். 2 அடி நீளமுள்ள பலகைச் சட்டம் ஒன்று எடுங்கள். அதன் ஒரு முனையில் 1½ அடிக் குச்சியை நேராக நிறுத்தி ஆணி அடியுங்கள். குச்சியின் உச்சியிலிருந்து பலகையின் மறுமுனைக்கு ஒரு நூல் கட்டினால் நூலின் நீளம் 2½ அடி இருக்க வேண்டும். இருந்தால் மூலை சரி. தொட்டியை விளிம்பு வரை நிரப்பி, அலை அடங்கும்வரை காத்திருங்கள். தொட்டியின் நீளவாட்டுச் சுவர் மேல் பலகையைத் தண்ணீரை ஒட்டிக் கிடத்துங்கள். நூல் கட்டிய முனை எதிர்ச்சுவரைப் பார்த்து இருக்கட்டும். கண்ணைக் குச்சியின் உச்சியில் வைத்து நூல் வழியாகப் பாருங்கள். எதிர்ச்சுவரும் தொட்டியின் தரையும் சேருகிற கோடு பலகை முனையில் வந்து பொருந்தும்வரை பலகையை முன்னும் பின்னும் நகர்த்துங்கள். பொருந்தியதும் பலகை முனையிலிருந்து எதிர்ச்சுவர் வரை அளந்து, மூன்றால் வகுத்து நான்கால் பெருக்குங்கள். அதுதான் தண்ணீரின் ஆழம்.

என் வீட்டுத் தொட்டியில் இதைச் செய்தேன். அளவு 17 அங்குலம் வந்தது. மூன்றால் வகுத்து நான்கால் பெருக்கினால் 22 அங்குலத்துக்குச் சற்று மேல், ஏறக்குறைய 22¾. பிறகு முழக்கோலை விட்டு அளந்தேன். சரியாக 22. முக்கால் அங்குல வித்தியாசம் என் கண்ணுடையது, ஸ்னெலுடையது அல்ல. பல தடவை செய்து சராசரி பார்த்தால் இன்னும் நெருங்கி வரும். அலை அடிக்கும்போது பார்த்தால் கணக்கு கலைந்துவிடும். தண்ணீர் விளிம்புக்குக் கீழே இருந்தாலும் தவறும். ஏனென்றால் பலகை முனை நீர்மட்டத்தில் இருக்க வேண்டும் என்பதுதான் இந்தக் கணக்கின் உயிர்.

மீன் பிடிப்பவர்களுக்கு இதில் பாதி ஏற்கனவே தெரியும். ஈட்டியால் மீன் குத்துகிறவர் மீன் தெரியும் இடத்தில் குத்தமாட்டார், அதற்குக் கீழே குத்துவார். நம் நாட்டுச் சதுப்புநிலக் காட்டோர ஆறுகளில் மலாய்க்காரர்கள் ‘ஈக்கான் சும்பிட்’ என்று சொல்லும் மீன் ஒன்று உண்டு. தண்ணீருக்கு அடியிலிருந்து, மேலே இலையில் உட்கார்ந்திருக்கும் பூச்சியின் மேல் வாயால் நீரைப் பீய்ச்சி அடித்து வீழ்த்தும். அது கீழிருந்து பார்க்கிறது, நாம் மேலிருந்து பார்க்கிறோம், பொய் ஒன்றுதான். ஆனாலும் அது குறி தவறுவது அரிது. பள்ளிக்கூடம் போகாமல் அந்த மீன் கற்றுக்கொண்ட கணக்கு நமக்கு 11 வயதில் தெரிந்திருக்கவில்லை!

இனி அந்த ஈயக்குட்டைக்கு வருவோம். பேராக் மாநிலத்தில் கிந்தா பள்ளத்தாக்கு, ஈப்போ, கம்பார், பத்து காஜா பக்கமெல்லாம் இத்தகைய குட்டைகள் உண்டு. சிலாங்கூரிலும் உண்டு. ஒரு காலத்தில் உலகத்திலேயே அதிகமாக ஈயம் எடுத்த நாடு நம் நாடு. தண்ணீரைப் பீய்ச்சி மண்ணைக் கரைத்து, குழம்பைப் பம்பு வைத்து மேலே இழுத்து ஈயத்தைப் பிரித்தார்கள். எடுத்து முடித்த இடத்தில் பள்ளம் மிஞ்சியது, மழை அதை நிரப்பியது. 1985-இல் உலகச் சந்தையில் ஈய விலை விழுந்தபோது சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. குட்டைகள் அப்படியே நின்றுவிட்டன. சிலவற்றில் மீன் வளர்த்தார்கள், வாத்து வளர்த்தார்கள், சில பூங்காவாயின.

ஆறு குளத்தின் கரை போல மெல்ல இறங்கிப் போகும் கரை அல்ல இது. தோண்டிய பள்ளம். இரண்டடி வைத்ததும் தரை சட்டென்று இறங்கிவிடும் இடங்கள் உண்டு. கரை மணலும் உறுதியில்லாதது, கால் வைத்தால் சரியும். சில இடங்களில் அடியில் கூழ் போன்ற சேறு. தரை என்று கண்ணுக்குத் தெரிவதே தரையாக இருக்காது. கலங்கிய தண்ணீரைக் கண்டால் பிள்ளைகள் தாமாகவே தயங்குவார்கள். அடி தெரிகிற தெளிந்த தண்ணீரில்தான் தைரியமாக இறங்குவார்கள். நான் இறங்கியதும் அப்படித்தான்.

ஆகையால் இன்று சொன்ன கணக்கை வைத்துக்கொண்டு, இந்த இடம் 4 அடிதான், இறங்கலாம் என்று யாரும் முடிவு செய்துவிட வேண்டாம். கணக்கு ஓர் இடத்து ஆழத்தைச் சொல்லும், அடுத்த அடியின் ஆழத்தைச் சொல்லாது. கலங்கல் தண்ணீரில் கணக்கே செல்லாது, அங்கே மூங்கில் கழியோ, கல் கட்டிய கயிறோதான் ஆழம் சொல்லும். கரையோரம் மீன் பிடிக்கப் போகிறவர்கள் நீளக் கழி ஒன்றைக் கையோடு எடுத்துப் போவது நல்லது. யாராவது தவறி விழுந்தால், நீந்தத் தெரியாதவர் பின்னாலேயே குதித்துவிடக் கூடாது. கரையில் படுத்துக்கொண்டு கழியை நீட்ட வேண்டும். எட்டாவிட்டால் கயிறு கட்டிய காலி எண்ணெய்ப் புட்டி, மூடி இறுக்கிய பிளாஸ்டிக் டின், மிதக்கிற எதையாவது வீச வேண்டும், கூச்சல் போட்டு ஆளைக் கூப்பிட வேண்டும். என்னைக் காப்பாற்றிய சீனப் பெரியவர் தண்ணீரில் இறங்கவே இல்லை. அகப்பைக் காம்பைத்தான் நீட்டினார்.

விஞ்ஞானிகளும் இதே பொய்யோடுதான் மல்லுக்கட்டுகிறார்கள் என்று சொன்னால் நம்புவீர்களா? விமானத்திலிருந்து தெளிந்த கடலோரத்தைப் படம் பிடித்து ஆழம் கணக்கிட்டால், தரை உண்மையைவிட மேலே இருப்பதாகவே படமும் காட்டும். நாலு மூன்று கணக்கால் திருத்திக்கொள்கிறார்கள். 2018-இல் அமெரிக்கர்கள் ஐஸ்சாட்-2 என்ற செயற்கைக்கோளை அனுப்பினார்கள். அது பச்சை நிற லேசர் ஒளியைக் கீழே செலுத்தி, ஒளி போய்த் திரும்பும் நேரத்தை அளக்கிறது. பனிப்பாறைகளை அளக்கத்தான் அதை அனுப்பினார்கள். ஆனால் தெளிந்த, ஆழம் குறைந்த கடலில் அதன் ஒளி அடித்தரை வரை போய்த் திரும்பியது. இங்கே வேடிக்கை என்னவென்றால், ஒளி தண்ணீரில் மெதுவாகப் போவதால் நேரம் கூடுகிறது. அதனால் கடல் உண்மையைவிட ஆழமாகத் தெரிகிறது. கண்ணுக்குக் குறைகிற ஆழம் கடிகாரத்துக்குக் கூடுகிறது! அதையும் திருத்தித்தான் கணக்கெடுக்கிறார்கள்.

கடைசியாக மாணவர்களுக்கு ஒரு கணக்கு. தொட்டி ஒன்றில் நம் பலகையை வைத்துப் பார்த்தபோது, பலகை முனையிலிருந்து எதிர்ச்சுவர் 2 அடி 3 அங்குலத் தூரத்தில் இருந்தது. தண்ணீரின் ஆழம் எவ்வளவு? அங்குலமாக மாற்றிக்கொண்டு செய்யுங்கள். அந்தத் தொட்டி நேர்க்கோட்டுக் கண்ணுக்கு எவ்வளவு ஆழமாகத் தோன்றும் என்பதையும் கண்டுபிடியுங்கள். முதல் விடை 3 அடி. இரண்டாவது விடையை நான் சொல்லப் போவதில்லை. அம்மாவிடம் கேட்டுக்கொண்டு, வீட்டுத் தொட்டியில் பலகையை வைத்துப் பார்த்துச் சொல்லுங்கள்.